கடும் நீலத்தில் அறுபது பிட்ஸ்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில் இருபத்திரண்டு வருஷம் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். அந்தத் தெருவில் "பிட்ஸ்" என்று யாராவது சத்தம் போட்டால் உடனே திரும்பிவிடக் கூடாது. கேட்பது யார் என்று முதலில் பார்க்க வேண்டும். எங்கள் கடைக்கு வலது பக்கம் இரும்புச் சாமான் கடை. அங்கே பிட்ஸ் என்றால் சுவரில் ஓட்டை போடுகிற டிரில் பிட்ஸ். கட்டட வேலைக்கு வந்த திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் காலை எட்டு மணிக்கே தேய்ந்துபோன பிட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இதே மாதிரி ரெண்டு" என்று நிற்பார்கள். எதிரே அச்சுக்கடை. அங்கே பிட்ஸ் என்றால் பிட் நோட்டீஸ். ஓணம் தள்ளுபடி, கட்சிக் கூட்டம், மூட்டுவலி வைத்தியம் எல்லாம் அதில் வரும். என் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு எழுதி மறைத்துக்கொண்டு போகிற துண்டுக் காகிதத்துக்கும் அதே பெயர். ஒருவரைப் பற்றி இல்லாததைச் சொல்லிவிட்டு, அது எங்கெல்லாம் போகிறது என்று வேடிக்கை பார்ப்பதைப் பிட்டைப் போடுவது என்பார்கள்.

எங்கள் கடையில் பிட்ஸ் என்றால் ரவிக்கைத் துணி. எண்பது சென்டிமீட்டர் வெட்டுவோம், ஆள் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் ஒரு மீட்டர். இத்தனை பிட்ஸிலும் எனக்கு அடி விழுந்திருக்கிறது, டிரில் பிட்ஸ் மட்டும்தான் பாக்கி. நான் திருப்பி அடித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வருத்தப்பட்டு எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வள்ளியூர்ப் பக்கம் இருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள் நான். வீட்டுக்காரருக்குத் தம்பானூரில் ஓட்டல் வேலை, மணக்காட்டில் வாடகை வீடு. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நானும் வேலைக்குக் கிளம்பினேன். அந்தக் கடையில் அதுவரை கவுண்டரில் பெண் யாரும் நின்றதில்லை. முதலாளி மூன்றாம் தலைமுறைத் தமிழர். எங்களிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார், கோபம் வந்தால் முழு மலையாளம். ரவிக்கைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பெண்கள், அதனால் ஒரு பெண் நிற்கட்டும் என்று அவர்தான் என்னை எடுத்தார்.

ரவிக்கை கவுண்டரில் எனக்கு முன்பே ஒருவர் இருந்தார். நாகர்கோவில்காரர், ஐம்பது தாண்டியவர். தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். சேலையைக் கண்ணால் பார்த்து, திரும்பிப் பார்க்காமலே அலமாரியில் கைவிட்டு அதே நிறத்தில் துணியை உருவி எடுப்பார் என்று அவருக்குப் பேர். அந்தப் பேரை அவரே பாதி பரப்பியிருப்பார் என்பது என் எண்ணம்.

எனக்கும் நிறம் பிடிபட்டது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு பச்சைக்குள் மஞ்சள் எவ்வளவு இருக்கிறது, நீலம் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குப் பார்த்ததும் தெரியும். இருந்தாலும் கடைக்குள் டியூப் லைட்டில் பார்த்து ஒருபோதும் துணி வெட்ட மாட்டேன். சேலைத் தலைப்பையும் துணி முனையையும் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், பகல் வெளிச்சத்தில் இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்த பிறகுதான் கத்தரிக்கோல். டியூப் லைட்டுக்குக் கத்திரிப்பூவும் நீலமும் ஒன்று, அரக்கும் காப்பியும் ஒன்று. மழைநாளில்கூட வாசலில் நின்று பார்ப்பேன்.

நாலைந்து வருஷம் போனது. ஒருநாள் அண்ணாச்சி ஒரு துணியைத் தூக்கிப் பிடித்து, "நல்ல ராமர் நீலம்ல்லா?" என்றார். அது கத்திரிப்பூ நிறம். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, "கத்திரிப்பூ அண்ணாச்சி" என்றேன். "அதுதான், அதுதான்" என்று மடித்து வைத்தார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. துணியைத் தூக்குவார், ஒரு நிறத்தைச் சொல்லி "ல்லா?" என்று முடிப்பார், என் முகத்தைப் பார்ப்பார். சரி என்றால் தலையாட்டுவேன். தப்பு என்றால் சரியான நிறத்தைச் சொல்வேன், அதையே வாடிக்கையாளரிடம் தானே கண்டுபிடித்த மாதிரிச் சொல்வார். கண்ணில் புரை விழுந்திருக்க வேண்டும். நீலத்துக்கும் கறுப்புக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரில காட்டுங்களேன் அண்ணாச்சி, இப்பம் ஒரு நாள் வேலைதான்" என்று ஒருமுறை மெதுவாகச் சொன்னேன்.

"எனக்கென்ன கேடு? வெறுதே பறயாத" என்று, சும்மா உளறாதே என்கிற மாதிரி மலையாளம் கலந்து சிடுசிடுத்தார். கண் ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலாளிக்குத் தெரிந்துவிடும், கவுண்டர் போய்விடும் என்று அவருக்குப் பயம். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டிய மனுஷன். நானும் வாயை மூடிக்கொண்டேன். மூன்று வருஷம் என் கண்ணை அவருக்குக் கடன் கொடுத்தேன், ஒரு ஆளிடமும் மூச்சு விடவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

ஒரு சித்திரை மாதம். வித்துராவிலிருந்து ஒரு பெண், தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையோடு ரவிக்கைத் துணிக்கு வந்திருக்கிறாள். நான் அப்போது பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாலு நாள் கழித்துத் தைத்த ரவிக்கையும் சேலையுமாகத் திரும்பி வந்தாள். கல்யாணத்துக்கு ஒரு நாள்தான் இருந்தது. சேலை அப்பட்டமான வயலெட், ரவிக்கை நேவி புளூ. இரண்டையும் மேசையில் எறிந்து, "இதாணோ நிங்ஙளுடெ மேட்சிங்? எனிக்கு இனி எவிடெப் போகான் பற்றும்?" இனி நான் எங்கே போவேன் என்று கத்தினாள். கத்திக்கொண்டிருந்தவள் சட்டென்று அழ ஆரம்பித்துவிட்டாள். கடை முழுக்க எட்டிப் பார்த்தது.

முதலாளி வந்து, "ஆரு வெட்டினது?" என்றார்.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். ஏதாவது சமாளிப்பார், வேறு துணி தேடுவார், நானும் கூட நின்று தேடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் பில் புத்தகத்தைப் பார்த்தபடியே, "அவளாக்கும் முதலாளி. நான் சொன்னேன், கேக்கல. பகல்ல கொண்டுபோய்ப் பாருன்னு நூறு தடவை சொல்லியாச்சு" என்றார்.

பகலில் கொண்டுபோய்ப் பார்ப்பது என் வழக்கம். அதையே எடுத்து என் மேல் எறிந்தார். "நான் சாப்பிடப் போயிருந்தேன்" என்றேன். அது எனக்கே சாக்குச் சொல்வது போல் கேட்டது. அவருக்குக் கண் தெரியவில்லை என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். அவரே இரண்டு நாளில் முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று ஒரு மடத்தனமான நம்பிக்கை எனக்கு இருந்தது. அவர் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நான் போய்ச் சொன்னபோது முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

"செய்ததும் போராம, முப்பது வருஷம் நின்ன மனுஷனைக் குத்தம் சொல்லுதியா? மேல போய் பிட்ஸ் பிரி. இனி நிறத்தைப் பத்தி இந்தக் கடையில நீ வாயைத் தெறக்கப்படாது, கேட்டியா?"

மேலே என்றால் மச்சு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே ஒரு பல்பு, ஜன்னல் கிடையாது. கீழே வெட்டி மிஞ்சியதெல்லாம் சாக்கில் கட்டி ஏணி வழியாக அங்கே வந்து சேரும். அதைக் கொட்டி, நீளம் பார்த்து, நிறம் பார்த்துப் பிரித்து, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு அடுக்க வேண்டும். வெயில் காலத்தில் முதுகு அவிந்துவிடும். துணித்தூசி மூக்கில் ஏறி ராத்திரியெல்லாம் தும்முவேன். கறுப்புத் துணிக்கு மட்டும் தனி மூலை. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் கறுப்பு கேட்பார்கள், செக்ரட்டேரியட் முன்னால் கறுப்புக்கொடி காட்ட வேண்டுமென்றால் கட்சிக்காரர்கள் மூட்டையாக வாங்கிப் போவார்கள். மீதி நாளில் கறுப்பு பிட்ஸ் அங்கேயே கிடக்கும்.

தெருவிலும் சும்மா விடவில்லை. நான் நிறம் தெரியாதவள், கல்யாண வீட்டுத் துணியைக் கெடுத்தவள் என்று அண்ணாச்சி டீக்கடையில் போட்ட பிட்டு ஆரியசாலை வரைக்கும் போயிருந்தது. வேறு இரண்டு கடைகளில் வேலை கேட்டேன். ஒருவர் சிரித்துக்கொண்டே, "மேட்சிங்குக்கு வேண்டாம், தூத்துப் பெருக்க ஆளு வேணும்" என்றார். எனக்கு என்று இருந்தது ஒரு கண்தான். அதைப் பிடுங்கிக்கொண்டுவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வித்துராக்காரி துணியை வெட்டியது தான்தான் என்று அவர் வாயால், முதலாளி முன்னால் சொல்ல வேண்டும்.

அதற்குள் ஓணத்துக்கு முதலாளி பிட் நோட்டீஸ் அடித்தார். ஒரு கட்டு மச்சுக்கு வந்தது. மலையாளத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். "முப்பது வருஷம் பழகிய கண்கள் உங்கள் சேலைக்கு நிறம் தேர்ந்தெடுக்கும்" என்று போட்டு, கீழே அண்ணாச்சியின் போட்டோ. கையில் ஒரு துணியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அந்தத் துணி என்ன நிறம் என்று அவரிடம் கேட்டால் தெரியும் சேதி. ஒரு நோட்டீஸை எடுத்துத் தரையில் போட்டு மேலே உட்கார்ந்து வேலை பார்த்தேன். ஒரு வாரம் அதுதான் எனக்குப் பாய்.

இரண்டாம் வருஷம் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பரீட்சையில் அவள் காலடியில் பிட்ஸ் கிடந்ததாம். போனேன். டீச்சர் அந்தத் துண்டுகளை மேசையில் பரப்பி வைத்திருந்தார். பக்கத்திலிருந்த இரண்டு பிள்ளைகளையும் என் மகளையும் உட்காரவைத்து, அதே நாலு வரியை எழுதச் சொன்னார். எழுத்தை ஒத்துப் பார்த்தார். "இவள் இல்லை, நீங்கள் போகலாம் அம்மா" என்றார். மொத்தம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது எனக்கு அடக்க முடியாத ஆத்திரம் வந்தது. பதினாறு வயசுப் பிள்ளைக்கு ஒரு டீச்சர் பத்து நிமிஷம் செலவழித்து நியாயம் பார்க்கிறார். எனக்கு முதலாளி அரை நிமிஷம் கொடுக்கவில்லை. இரண்டு துணியைக் கொடுத்து எது நீலம், எது கறுப்பு என்று எங்கள் இருவரிடமும் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்கவைக்கிறேன் என்று அந்த பஸ் ஸ்டாப்பிலேயே முடிவு செய்தேன்.

அடுத்த தை மாதம் முதலாளியின் மகளுக்குக் கல்யாணம். அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு வருகிற சுமங்கலிகள் எல்லாருக்கும் தாம்பூலப் பையில் வெற்றிலை பாக்கு, தேங்காய், குங்குமத்தோடு ஒரு ரவிக்கை பிட்டும் வைத்துக் கொடுப்பார்கள். அந்த பிட்ஸை யாரும் தைத்துப் போடுவதில்லை. அடுத்த வீட்டு விசேஷத்துக்கு அது போய்விடும், அங்கிருந்து இன்னொரு வீடு. நாலு வருஷம் சுற்றி, முதலில் கொடுத்தவள் வீட்டுக்கே திரும்பி வந்த பிட்டும் உண்டு. துணி எப்படிப்பட்டது என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஒன்றே ஒன்று மட்டும் கூடாது, கறுப்பு. சுமங்கலி கையில் தாம்பூலத்தோடு கறுப்பு போனால் அதைவிடப் பெரிய அபசகுனம் அந்த வீடுகளில் கிடையாது.

துணிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம், துணி சாதாரணமாக இருக்கலாமா? முந்நூறு பிட்ஸ், ஐந்து நிறம், நிறத்துக்கு அறுபது என்று முதலாளி சொன்னார். அண்ணாச்சியே கையால் பொறுக்கி எடுக்க வேண்டும் என்றார். மண்டபத்தில் பெண்கள் பையைப் பிரித்து "எனக்குப் பச்சை வேண்டாம், நீ வச்சுக்கோ" என்று மாற்றிக்கொண்டிருப்பது அசிங்கம் என்று அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு பிட்டையும் தங்க நிறக் காகிதத்தில் சுற்றி ஒட்டிவிட வேண்டும். சுற்றுகிற வேலை மச்சுக்கு வந்தது. எனக்கு.

அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, குங்குமச் சிவப்பு நாலும் கீழே புதுக் கட்டிலிருந்தே வந்துவிட்டன. கடும் நீலம் மட்டும் மச்சில்தான் இருந்தது. அண்ணாச்சி ஏணியடியில் நின்று குரல் கொடுத்தார். என்னிடம் அவர் பேசி ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"கடும் நீலம் அறுபது எடுத்து வையி."

"நான் நிறம் பாக்கப்படாதுன்னு முதலாளி உத்தரவுல்லா அண்ணாச்சி. நீங்களே வந்து எடுங்க" என்றேன்.

முனகிக்கொண்டே ஏறி வந்தார். பல்புக்குக் கீழே இரண்டு அடுக்கு வைத்திருந்தேன். இடது பக்கம் நேவி புளூ, வலது பக்கம் கறுப்பு. இரண்டும் ஒரே பாப்ளின், ஒரே நீளம், ஒரே மாதிரி சுருட்டியது. நான் எதையும் மறைக்கவில்லை. கண் இருந்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று நகர்ந்து நின்றேன். அவர் குனிந்து இதைத் தொட்டார், அதைத் தொட்டார். வலது பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்துப் பல்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பிறகு பழையபடி என் முகத்தைப் பார்த்தார்.

"நல்ல நீலம்ல்லா?"

என் மேல் அத்தனை பழியைப் போட்டுவிட்டு, அந்த மனுஷன் மறுபடியும் என் கண்ணையே கேட்கிறார். கேட்கலாம் என்று நினைக்கிறார்.

"நல்ல நீலம் அண்ணாச்சி" என்றேன்.

அறுபதையும் எண்ணி என் முன்னால் வைத்தார். இறங்கிப் போகும்போது அவருக்கு மனசு லேசாகியிருக்க வேண்டும், "நல்லா சுத்து பிள்ளே" என்றுகூடச் சொன்னார். நான் சுற்றினேன். ஒவ்வொன்றையும் மூலை மடித்து, சுருக்கம் இல்லாமல், அழகாகச் சுற்றினேன். கறுப்பு பிட்ஸுக்குத் தங்கக் காகிதம் எடுப்பாகத்தான் இருந்தது. முதலாளி கேட்டபோது, "ஒவ்வொண்ணும் நானாக்கும் பாத்து எடுத்தேன்" என்று அண்ணாச்சி சொல்வது மச்சுக்குக் கேட்டது. அது எனக்கு வேண்டியிருந்தது. வெளியே தெரிந்த பிறகு அவருக்கு இரண்டே வழி. தெரிந்தே கறுப்பை எடுத்தேன் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் கண் தெரியாது என்று சொல்ல வேண்டும்.

கல்யாணம் கோட்டைக்குப் பக்கத்து மண்டபத்தில். சாப்பாட்டுப் பந்தி முடிந்து வெளியே வருகிறவர்களுக்குப் பை கொடுக்க கடைப் பெண்களை நிறுத்தியிருந்தார்கள், நானும் நின்றேன். மத்தியானம் ஒரு மணி இருக்கும், முற்றத்தில் கண் கூசுகிற வெயில். மாப்பிள்ளையின் அத்தை பையை வாங்கியதும், பந்தலுக்கு வெளியே நின்று காகிதத்தைக் கிழித்தாள். அவ்வளவு அழகாகச் சுற்றியிருந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? கிழித்தவள் துணியைப் பாம்பைத் தொட்ட மாதிரிக் கீழே போட்டாள். பக்கத்தில் நின்றவளும் தன்னுடையதைப் பிரித்தாள், அவளுக்கு மஞ்சள். மூன்றாவது ஆளுக்கு மறுபடி கறுப்பு. அதற்குப் பிறகு எல்லாரும் பிரித்தார்கள். முதலாளியின் மனைவி நெஞ்சில் கைவைத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மணப்பெண் மேடையிலிருந்து என்ன என்று தெரியாமல் எட்டிப் பார்த்தாள். அந்தப் பிள்ளையை நினைத்தால் மட்டும் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. அவள் ஒரு பாவமும் செய்யாதவள்.

முதலாளி கீழே கிடந்த பிட்டை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டார். "இது என்ன?"

"பிட்டு, முதலாளி."

"நிறம் என்ன?"

அண்ணாச்சி வாங்கிப் பார்த்தார். வெயிலில் நின்றுதான் பார்த்தார். "கடும் நீலம்."

சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. சம்பந்தி வீட்டார் முகம் இறுகிவிட்டது. "இன்னொருக்கா நல்லாப் பாரு" என்றார் முதலாளி.

"நீலம்தான் முதலாளி. நானாக்கும் எடுத்தேன்." சொல்லிவிட்டு எல்லார் முகத்தையும் பார்த்தார். ஒருவரும் தலையாட்டவில்லை. கூட்டத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்தார். துணியை என் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"நீ சொல்லு பிள்ளே. நீலம்ல்லா?"

"கறுப்பு, அண்ணாச்சி" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்றுதானே இரண்டு வருஷம் மச்சில் வெந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டவள் போல் நின்றேன்.

சுற்றும்போது உனக்குத் தெரியவில்லையா என்று முதலாளி மறுநாள் என்னைக் கேட்டார். "நிறத்தைப் பத்தி வாயைத் தெறக்கப்படாதுன்னு நீங்கதானே சொன்னிய" என்றேன். அந்த வாரமே என்னைக் கவுண்டருக்கு இறக்கினார்கள். அண்ணாச்சி மச்சுக்கு ஏறினார். கைமுழத்தில் நீளம் அளந்து சுருட்டுவதற்குக் கண் தேவையில்லை.

என்னை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. நான் நீலம் என்று சொன்னதை ஒரு ஆளிடமும் சொல்லவில்லை. அதற்காக நான் நன்றி பாராட்ட வேண்டுமோ? எனக்கு வரவில்லை. மூன்று மாதத்தில் அவருடைய பெண்கள் இழுத்துக்கொண்டுபோய்க் கண்ணில் ஆபரேஷன் செய்துவைத்தார்கள். கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். ஒருநாள் ஏணியடியில் என்னை நிறுத்தி, "அன்னைக்கு நீ நீலம்னு சொன்னே" என்றார்.

"ஆமா சொன்னேன்."

ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "வித்துராக்காரிக்க துணி நானாக்கும் வெட்டினது" என்றார்.

"எனக்கு எதுக்குச் சொல்லுதிய? எனக்குத் தெரியும். முதலாளிட்ட சொல்லுங்க."

அவர் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே இறங்கி வந்தார். முதலாளி மேசையில் இருந்தார், கடையாட்கள் ஐந்தாறு பேர் சுற்றி நின்றோம், இரண்டு வாடிக்கையாளர்கள்கூட இருந்தார்கள். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "முதலாளி, பண்டு அந்த வித்துரா துணியை வெட்டினது நானாக்கும். இந்தப் பிள்ளை மேல வெறுதே பழியைப் போட்டுட்டேன்."

அந்த வார்த்தைக்காகத்தான் எல்லாம் செய்தேன்.

முதலாளி எழுந்து வந்து தோளில் கை வைத்தார். "அண்ணாச்சி, இருக்கட்டும். அவ பிள்ளைகுட்டிக்காரி, அவ பேரைக் கரையேத்த நீ குத்தத்தைத் தலையில எடுத்து வைக்குதே. உனக்க மனசு எனக்குத் தெரியாதா? நீலமும் கறுப்பும் தெரியாத காலத்துல என்ன வெட்டினே, ஆரு வெட்டினான்னு உனக்கு என்ன ஓர்ம இருக்கும்? விடு." என் பக்கம் திரும்பி, "பாத்தியா, எப்பேர்ப்பட்ட மனுஷன்! காலைத் தொட்டுக் கும்பிடு" என்றார்.

கடையாட்கள் அண்ணாச்சியைக் கோயில் சாமியைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்து மறுபடி ஏதோ சொல்லப் போனார், முதலாளி கேட்கவில்லை. அவர் சொல்வது சத்தியம், அன்றைக்கே அவருக்குக் கண் போயிருந்தது எனக்குத் தெரியும் என்று நான் பேசியிருக்கலாம். பேசினால் அடுத்த கேள்வி, எல்லாம் தெரிந்தவள் மச்சில் அவர் கறுப்பை எடுக்கும்போது என்ன சொன்னாய் என்பதாக இருக்கும். பதில் சொல்ல அண்ணாச்சி பக்கத்திலேயே நிற்கிறார். நான் ஒன்றும் பேசவில்லை. காலையும் தொடவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கவுண்டரில் நின்றேன். ஒரு துணியும் தப்பாக வெட்டியதில்லை. புது ஆள் யார் வேலைக்கு வந்தாலும் முதலாளி என்னைக் காட்டி, "பண்டு ஒரு கல்யாணத் துணியைக் கெடுத்தவளாக்கும். நான் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன், இப்பம் நல்லா வேலை படிச்சிட்டா" என்பார். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அண்ணாச்சி வேலையை விட்டு மகள் வீட்டோடு போனபோது மாலை போட்டு அனுப்பினார்கள்.

போன வருஷம் மூட்டுவலியால் நானும் நின்றுவிட்டேன். எனக்கு இனி அங்கே இழக்க ஒன்றுமில்லை. வித்துராக்காரியின் துணியை நான் வெட்டவில்லை. அறுபது கறுப்பு பிட்ஸை நீலம் என்று சொன்னது நான்தான். முதலாளிக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும். வாசிக்கட்டும்.